எந்த அம்புரோஸ்

"அக்கா சொல்றதே இருக்கட்டுங்க ஃபாதர்" என்று ஆஷ்லி சொன்னதும் பியாட்ரிஸுக்கு முதலில் வந்தது சந்தோஷமில்லை, சந்தேகம். ஞாயிறு தவறாமல் பூசை முடிந்ததும் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து, அந்த ஒரு வரி தன் அம்மாவைப் பெற்ற அப்பிச்சியின் படத்துக்குக் கீழேதான் வர வேண்டும் என்று மல்லுக்கு நின்றவன் அவன். மேசையைத் தட்டியிருக்கிறான். ஒருமுறை செருப்பைக்கூட மாட்டாமல் எழுந்து போயிருக்கிறான். இன்றைக்கு டீ டம்ளரை மெல்லக் கீழே வைத்துவிட்டு, மழை விட்ட வானம் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "அந்த வரி அவங்கப்பா படத்துக்குக் கீழயே இருக்கட்டும். எனக்கு ஒண்ணே ஒண்ணுதானுங்க. இத்தலார்ல பேச்சியம்மா இருக்காங்க. அன்னிக்கு மண்ணுக்குள்ளிருந்து எடுத்த புள்ள. திருநா அன்னிக்கு அவங்களக் கூட்டியாந்து திரைய வெலக்கச் சொல்லோணும். அவ்வளவுதான்" என்றான். பங்குச் சாமியாருக்குப் பெரிய பாரம் இறங்கிவிட்டது. "ஆண்டவருக்கு நன்றி" என்று சொல்லி இரண்டு பேருக்கும் கைகொடுத்தார். பியாட்ரிஸ் கையைக் கொடுத்துக்கொண்டே ஆஷ்லியின் முகத்தைப் பார்த்தாள். அவன் மறுபக்கம் திரும்பிப் போனை நோண்டிக்கொண்டிருந்தான்.

சந்தேகப்படுவதுதான் பியாட்ரிஸுக்கு உத்தியோகமே. குன்னூரில் ஒரு பெண்கள் விடுதியில் வார்டனாக இருக்கிறாள். தலையணை உறைக்குள் போனை ஒளித்தவள் எப்படி நடப்பாள், வயிற்றுவலி என்று பொய் சொல்கிறவள் கையை எங்கே வைத்துக்கொள்வாள் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். அடம்பிடித்து அழுகிற பிள்ளையை விட்டுவிடலாம், கேட்டதும் சரிங்க மிஸ் என்று தலையாட்டுகிற பிள்ளையைத்தான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும் என்பது அவள் பாடம். சோழியன் குடுமி சும்மா ஆடாது. ஆஷ்லியும் சும்மா தலையாட்டுகிறவன் இல்லை.

மேல்பாறை எஸ்டேட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் தடுமாறுவது இந்தப் பேரில்தான். ஜெகதளாவைத் தாண்டி மேலே ஏறும் ரோட்டில், தேயிலைக்கு நடுவே வெள்ளையடித்து நிற்கிற கோயில் புனித அம்புரோசியாருடையது. எந்தக் காலத்திலோ இத்தாலியில் மிலான் நகரத்து ஆயராக இருந்தவர். கைக்குழந்தையாக இருந்தபோது தொட்டிலில் தேனீக்கள் வந்து வாயில் மொய்த்தனவாம், ஒன்றுகூடக் கொட்டவில்லையாம். அந்தப் புண்ணியவாளன் பேரைக் குடும்பத்துக்கு ஒரு பையனுக்காவது வைத்தால் நல்லது என்று கோயில் கட்டின தலைமுறை நினைத்தது. நல்லது நடந்ததோ இல்லையோ, ரோட்டில் நின்று அம்புரோஸ் என்று கூப்பிட்டால் நாலு ஜன்னல் திறக்கும்படி ஆகிவிட்டது. சமவெளியிலிருந்து கோயில் மணியைத் தலைச்சுமையாகத் தூக்கி வந்தவர் மணி அம்புரோஸ். காலில் பூட்ஸ் இல்லாமலே ஊட்டி அணியைத் தோற்கடித்தவர் கோல் அம்புரோஸ். எல்லையில் குண்டடிபட்டுக் கோலூன்றித் திரும்பி வந்தவர் பட்டாளத்து அம்புரோஸ். தேயிலைச் செடியைக் கவாத்து வெட்டக் கத்தி பிடிப்பதில் சூரர், ஆஷ்லியின் அம்மாவைப் பெற்றவர், கவாத்து அம்புரோஸ். பியாட்ரிஸின் அப்பா எஸ்டேட் ஸ்டோர்கீப்பர். அதனால் ஸ்டோர் அம்புரோஸ்.

இதெல்லாம் உயிரோடு இருக்கிறவரைதான். ஆள் செத்துப் பெட்டியை மூடிவிட்டால் பட்டப்பேரும் அதோடு உள்ளே போய்விடும். ஞானஸ்நானத்தில் வாங்கிய பேரோடுதான் மோட்ச வாசலில் போய் நிற்க வேண்டும், ஸ்டோர், கவாத்து என்று சொல்லிக்கொண்டு போனால் சாவி வைத்திருக்கும் இராயப்பருக்கு அடையாளம் தெரியாது என்று முதல் சாமியார் யாரோ சொல்லிவைத்தாராம். அன்று பிடித்த பிடி. செத்தவரைப் பட்டப்பேர் சொல்லிக் கூப்பிட்டால் பெரியவர்கள் வாயிலேயே அடிப்பார்கள். கல்லறையில் அம்புரோஸ் என்று மட்டும்தான் வெட்டுவார்கள். இராயப்பருக்கு இதனால் வேலை சுலபமாகியிருக்கலாம், ஊருக்குத்தான் கஷ்டம். செத்த அம்புரோஸ்கள் எல்லாரும் ஒரே அம்புரோஸாகி, ஒருவர் செய்தது இன்னொருவர் கணக்கில் ஏறிக்கொண்டே போனது. பட்டாளத்துக்காரர் கோல் போட்டதாகச் சொல்லும் பேரன்கள் இருக்கிறார்கள்.

இந்த வருடம் கோயிலுக்கு ஏதோ விழா வருடம். அம்புரோஸ் என்ற பேரில் சிறந்து விளங்கியவர்களின் படங்களை மண்டபச் சுவரில் வரிசையாக மாட்டலாம், ஆயரில் தொடங்கி நம் ஊர்க்காரர்கள் வரை, என்று பங்குச் சாமியார் யோசனை சொன்னார். படத்துக்குக் கீழே பேர், அதற்குக் கீழே அவர் செய்த காரியம் ஒரே வரியில். மற்ற அம்புரோஸ்களுக்கெல்லாம் வரி சண்டையில்லாமல் அமைந்துவிட்டது. ஒரு வரிக்குத்தான் இரண்டு வீடு நின்றது. 'மண்சரிவில் புதைந்தவர்களை மீட்டவர்.' நாற்பத்தைந்து வருடத்துக்கு முன்னால், அடைமழையில், மூன்றாம் லைன் வீடுகளுக்குப் பின்னாலிருந்த மேடு, காலையில் வேலைக்கு ஆள் எண்ணும் மஸ்டர் நேரத்தில் இறங்கி அவற்றை மூடியது. ஒரு அம்புரோஸ் முன்னால் நின்று ஆட்களைத் தோண்டி எடுத்தார். அவ்வளவுதான் ஊருக்குத் தெரியும். எந்த அம்புரோஸ்?

பியாட்ரிஸுக்கு அப்போது மூன்று வயது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அம்மா சொன்னதுதான். "உங்கப்பா அன்னிக்கு எத்தன உசிரக் காப்பாத்துனவரு, தெரியுமா?" என்று சொந்தக்காரர்கள் கூடும்போதெல்லாம் அம்மா எடுப்பாள். அப்பா உடனே எழுந்து வெளியே போய்விடுவார். ஆமாம் என்றும் சொன்னதில்லை, இல்லை என்றும் சொன்னதில்லை. செய்ததைச் சொல்லிக்காட்டாத மனுஷன் என்று பியாட்ரிஸ் அதற்கே இன்னும் ஒரு படி மேலே தூக்கி வைத்திருந்தாள். பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதச் சொன்னபோது எழுதியிருக்கிறாள். பெண் பார்க்க வந்த பிராங்ளினிடம் முதல் நாளே சொல்லியிருக்கிறாள். அப்பா போய் ஆறு வருடமாகிறது. இன்னும் சாமி படத்துக்குப் பக்கத்தில்தான் அவர் படத்தை வைத்திருக்கிறாள். அவர் விட்டுப்போன சொத்து என்று அவளுக்கு இருந்தது அது ஒன்றுதான்.

அன்று சாயங்காலம் பிராங்ளினிடம் விஷயத்தைச் சொன்னாள். அவர் ஃபாக்டரியில் எலக்ட்ரீசியன். எதற்கும் பதறாத ஆள்.

"அதான் ஜெயிச்சிட்டயில்ல புள்ள. அப்பறம் எதுக்கு மூஞ்சி இப்பிடி இருக்குது?"

"ஏனுங்க, அவன் எதுக்கு விட்டுக் குடுக்கறான்? அவன் நடத்தற ஹோம்ஸ்டே சுவர்ல மாட்டறதுக்கு அந்த வரி வேணும்னு அலைஞ்சவன். இப்ப திடீர்னு பேச்சியம்மாங்கறான். அந்தம்மா பேர இதுவரைக்கும் யாராச்சும் சொல்லியிருக்காங்களா? இவனுக்கு எப்பிடித் தெரியும்?"

"கேட்டுத் தெரிஞ்சிருப்பான்."

"காசு குடுத்துக் கூட்டியாறான்னு வெச்சுக்கோங்க. எல்லார் முன்னாலயும் திரைய வெலக்கிட்டு, இவரில்ல, அவருதான்னு அந்தம்மா அவன் அப்பிச்சியக் கைகாட்டுனா?"

பிராங்ளின் சிரித்தார். "நீ வார்டனாப் போனது தப்பு. போலீசுக்குப் போயிருக்கோணும்." பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "சந்தேகம்னா நீயே போய் ஒரு எட்டுப் பாத்துட்டு வந்திரு" என்றார். அதைத்தான் அவளும் நினைத்திருந்தாள்.

புதன்கிழமை லீவு போட்டுக்கொண்டு ஊட்டி போய், அங்கிருந்து இத்தலார் பஸ் பிடித்தாள். பஸ் முழுக்கக் காலி சாக்குகளும் படுகப் பேச்சும். சரிவெல்லாம் கேரட்டும் பூண்டும் வரிவரியாகப் பச்சை கட்டியிருந்தது. பேச்சி மகனோடு குடியிருந்த வீட்டைக் காட்டிவிட்டுப் போன பெண், பியாட்ரிஸின் சேலையை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் படுகத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தாள். என்ன சொன்னாள் என்பது வேறு பியாட்ரிஸுக்கு உறுத்தலாகிவிட்டது.

பேச்சிக்கு ஐம்பத்தைந்து இருக்கும். மண்ணில் வேலை செய்த கை, மண்நிறமாகவே இருந்தது. வாசலில் உட்கார்ந்து பீட்ரூட் தழையைக் கிள்ளிக்கொண்டிருந்தவள், "மேல்பாறையிலருந்து வர்றேனுங்க. அம்புரோஸ் மக" என்று பியாட்ரிஸ் சொன்னதும் மடியிலிருந்ததையெல்லாம் அப்படியே உதறிவிட்டு எழுந்தாள். பியாட்ரிஸின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "உங்கப்பன் கையில்ல அம்மிணி எனக்குச் சோறு போட்டுட்டு இருக்குது" என்றாள். பியாட்ரிஸுக்கு அழுகை முட்டியது. பஸ்ஸில் வரும்போது நினைத்த அத்தனை கெட்ட நினைப்புக்கும் உள்ளுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள்.

உள்ளே பாய் விரித்து உட்கார வைத்து, பேச்சி பால் காய்ச்சப் போனாள். பியாட்ரிஸின் கண் பழக்க தோஷத்தில் அறையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. அலமாரியில் மடித்து வைத்திருந்த ஒரு காகிதப் பையில் போய் நின்றது. ஆஷ்லியின் ஹோம்ஸ்டே பேர் போட்ட பை. பக்கத்தில் பிரிக்காத ஊட்டி வர்க்கி பிஸ்கட் பொட்டலம்.

"யாராச்சும் வந்திருந்தாங்களாக்கா?" என்று ஒன்றும் தெரியாதவள்போலக் கேட்டாள்.

"உங்கூட்டுத் தம்பிதான். கேரட்டு வெத போட்ட சமயத்துல வந்துச்சு. அம்புரோஸ் பேரன்னுச்சு. உங்களுக்கு அக்கா மகனாட்டம் இருக்குது?"

ஊரிலிருந்து வருகிற எந்த அம்புரோஸின் பிள்ளையும் பேச்சிக்கு ஒரே குடும்பம். இல்லைங்க்கா, அவர் வேறு, இவர் வேறு என்று சொல்ல வேண்டிய இடம் அதுதான். பியாட்ரிஸ் சொல்லவில்லை. சொன்னால் எந்த அம்புரோஸ் என்று கேள்வி வரும். கேள்வி வந்தால் பதில் வந்துவிடும். பதிலுக்காகத்தான் அவ்வளவு தூரம் வந்திருந்தாள், ஆனாலும் வாய் திறக்கவில்லை. பாலை வாங்கிக்கொண்டு, "அன்னிக்கு நடந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்குதுங்களாக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

"எப்பிடி மறக்கறது? இடுப்பு வரைக்கும் சேறு. கதவுப் பலகை ஒண்ணு மேல விழுந்து அது ஒரு கூடாரமாட்டம் நின்னுக்கிச்சு, அதுல பொழச்சேன். எங்கம்மா எனக்கு அந்தப் பக்கம். கொஞ்ச நேரம் பேசிட்டே இருந்துச்சு. ஆளுக வந்துட்டாங்க, வெறுங்கையில சேத்த அள்ளுறாங்க, அள்ள அள்ள மேலருந்து எறங்குது. மம்பட்டி வேணும், கயிறு வேணும். எல்லாம் ஸ்டோருக்குள்ள கெடக்குது." பேச்சி நிறுத்திவிட்டுப் பாயின் கோரையைக் கிள்ளினாள். "ஸ்டோர் அம்புரோஸ்னு ஒருத்தன் இருந்தான் அம்மிணி. பேரென்னவோ உங்கப்பன் பேருதான். சாவிய இடுப்புல சொருகிட்டு வாசல்ல நிக்கறான். தொரை சீட்டு எழுதிக் குடுக்காமத் தொறக்க மாட்டேன், வேல போயிரும்ங்கறான். தொரை பங்களாவுல. நடுவுல ரோடே இல்ல, அடிச்சிட்டுப் போயிருச்சு. எங்கப்பன் அவன் காலப் புடிச்சிருக்குது. கடசில உங்கப்பன்தான் கவாத்துக் கத்தியில பூட்டு நாதாங்கியப் பேத்து எறிஞ்சிட்டு உள்ள போனாரு. கயிறு வந்துச்சு. நான் வந்துட்டேன். எங்கம்மா பேசறத நிறுத்தியிருச்சு."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது என்பார்கள். பியாட்ரிஸ் கையில் டம்ளர் ஆறிக்கொண்டிருந்தது. பால் மேல் ஆடை கட்டியதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நீங்க… அத நேர்ல பாத்தீங்களா?" குரல் விடுதியில் விசாரிக்கும் குரலாகவே வந்தது. அது ஒன்றுதான் அவளுக்குத் தெரிந்த குரல்.

"மண்ணுக்குள்ள கெடந்தவ பூட்டு ஒடைச்சத எங்க பாக்கறது? அப்பன் சொல்லும். சாகற வரைக்கும் சொல்லிச்சு. ஆனா அவனப் பாத்தேன். வெளிய எடுத்து ஸ்டோர் திண்டுல சாக்கு விரிச்சு என்னையப் படுக்க வெச்சாங்க. நடுங்கிட்டுக் கெடக்கறேன். அவன் சொட்டரக் கழட்டி என்மேல போத்துனான். அழுதுட்டே நின்னான். எனக்கு நேரா மூஞ்சி. அந்தச் சொட்டர நான் உதறிப் போட்டுட்டேன். அழுது என்ன பண்றது அம்மிணி? நூறு வருசம் ஆனாலும் அந்த மூஞ்சி எனக்கு மறக்காது."

"அந்தத் தம்பிகிட்டயும் இதச் சொன்னீங்களா?"

"எல்லாஞ் சொன்னேன். கேட்டுட்டு ஒண்ணும் பேசாமப் போயிருச்சு. ஞாயித்துக்கெழம வரோணும், படந் தெறக்கோணும்னு நேத்துப் போன் பண்ணுச்சு. வருவேன். உங்கப்பன் மூஞ்சிய ஒருக்காப் பாத்துட்டாப் போதும்."

கிளம்பும்போது பேச்சி ஒரு பை நிறையக் கேரட்டும் பீட்ரூட்டும் கட்டிக் கொடுத்தாள். வேண்டாம் என்று எத்தனை சொல்லியும் விடவில்லை. என் உயிருக்கு முன்னால் இது எம்மாத்திரம் என்றாள். அந்தப் பையைப் பஸ் ஸ்டாப் வரை சுமந்து வந்தாள் பியாட்ரிஸ். தன்னுடையதில்லாத ஒன்றைத் தூக்கிக்கொண்டு வருகிற கூச்சம் முதுகெல்லாம் ஊர்ந்தது. பஸ்ஸில் அதை மடியில் வைக்க மனம் வராமல் காலடியில் வைத்துக்கொண்டாள்.

ஊட்டி வரும்வரை அவள் மூளை ஒரே மூச்சாகப் பேச்சியைக் குறுக்கு விசாரணை செய்துகொண்டு வந்தது. பத்து வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும். அப்பன்காரன் சொன்னதைத்தானே சொல்கிறாள். அவனுக்கும் அப்பாவுக்கும் என்ன பகையோ. ஆஷ்லி வர்க்கி வாங்கிக் கொடுத்துச் சொல்லிக்கொடுத்ததாகவும் இருக்கலாம். தான் யார் மகள் என்று தெரிந்தேகூடப் பேச்சி முகத்துக்கு நேராக அதைச் சொல்லியிருக்கலாம். இப்படி ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, ஒவ்வொன்றையும் கையிலிருந்து நழுவவிட்டாள். ஏனென்றால் எல்லாவற்றுக்கும் அடியில் ஒன்று அசையாமல் உட்கார்ந்திருந்தது. அப்பா எதையும் பூட்ட மாட்டார்.

அவளுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அவர் கையால் பூட்டுப் போட்ட பொருளே வீட்டில் கிடையாது. வாசற்கதவு, பீரோ, அம்மா நகை வைத்த டிரங்குப் பெட்டி, எதுவும். அம்மா சண்டை போடுவாள். மழைக்காலத்தில் தாழ்ப்பாளைக்கூடப் போட விடமாட்டார், சாத்தி மட்டும் வைப்பார். உலகத்தை நம்புகிற மனுஷன், அவருக்கும் சேர்த்து நான்தான் சந்தேகப்பட வேண்டியிருக்கிறது என்று சிரித்துக்கொண்டே, சின்ன வயதிலிருந்து அவர் திறந்துபோட்டதையெல்லாம் பின்னால் போய்ப் பூட்டிக்கொண்டு வந்தவள் பியாட்ரிஸ். அது நம்பிக்கை இல்லை, பயம் என்று இப்போது தெரிந்தது. ஒரு சாவிக்குப் பயந்து ஒரு மனுஷன் முப்பது நாற்பது வருடம் கதவைத் திறந்துபோட்டுத் தூங்கியிருக்கிறார். அம்மா கதையை எடுக்கும்போதெல்லாம் எழுந்து போனவர் எங்கே போய் நின்றாரோ. கவாத்துக்காரர் மண்சரிவு நடந்த கொஞ்ச வருடத்திலேயே மார்வலியில் போய்விட்டார். பட்டப்பேரும் கூடவே போய்விட்டது. அம்புரோஸ்தான் காப்பாற்றினார் என்று ஊர் சொன்னது. கேட்டவர்கள் உயிரோடிருந்த அம்புரோஸைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் மறுக்கவில்லை. அப்பாவின் மேல் அவளுக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. அந்தக் கோபத்துக்குள்ளேயே, ஸ்வெட்டரைக் கழற்றிப் போர்த்திவிட்டு அந்த முப்பது வயது ஆள் அழுதுகொண்டே நின்றார்.

ஆஷ்லி அவளுக்கு முன்பே எல்லாம் அறிந்திருக்கிறான். கேரட் விதை போட்ட சமயத்தில் போனவன், கேரட் பிடுங்குகிற சமயத்தில் விட்டுக்கொடுக்கிறான். நடுவில் அத்தனை ஞாயிறும் சண்டை போட்டிருக்கிறான், பேச்சியின் பேரை மட்டும் எடுக்கவில்லை. ஊரே கூடுகிற நாளில், அவள் அப்பாவின் முகத்துக்கு நேரே பேச்சியைக் கொண்டுவந்து நிறுத்துவதற்காகவா?

சனிக்கிழமை மண்டபத்தில் அலங்காரம் நடந்துகொண்டிருந்தது. படங்களை மாட்டி, மேலே நீலத் துணியைத் தொங்கவிட்டிருந்தார்கள். ஆஷ்லி ஏணிமேல் நின்று சீரியல் லைட் கட்டிக்கொண்டிருந்தான். பியாட்ரிஸ் கீழே போய் நின்றாள்.

"இத்தலாருக்குப் போயிருந்தேன்."

அவன் கை நின்றது. "தெரியுங்க்கா. பேச்சியம்மா போன்ல சொன்னாங்க. உங்க சித்தி வந்துட்டுப் போச்சுன்னாங்க."

"எதுக்குடா இப்பிடிப் பண்ற? நேராச் சொல்லியிருந்தா நானே படத்தக் கழட்டியிருப்பேனே."

"நேராச் சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா?" அவன் இறங்காமல் மேலிருந்தே பேசினான். "எங்க அப்பிச்சிய நான் பாத்ததில்ல. உங்கப்பாவப் பாத்திருக்கேன். ஸ்கூல் உட்டு வந்தா தேன்முட்டாய் வாங்கித் தருவாரு. வேற எந்தப் பசங்களுக்கும் தரமாட்டாரு, எனக்கு மட்டும். ஏன்னு இத்தன வருசம் தெரியல." லைட்டை இன்னொரு ஆணியில் மாட்டினான். "நாளைக்கு அவங்க வர்றாங்கல்ல. பாத்துக்கலாங்க்கா."

இது இரக்கமா மிரட்டலா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. இருபது வருட வார்டன் உத்தியோகம் அவன் முகத்தில் ஒன்றும் படிக்க முடியாமல் தோற்றுப்போனது. ராத்திரி சாப்பாட்டின்போது பிராங்ளினிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, "காலையில வெள்ளன போய்ப் படத்த எடுத்துட்டு வந்தர்றனே. ஃபிரேம் ஒடஞ்சிருச்சுன்னு சாமியாருகிட்டச் சொல்லிக்கலாம்" என்றார். கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொள் என்று சொல்வதுபோலத்தான் அது அவள் காதில் விழுந்தது. வேண்டாம் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை புல்லெல்லாம் உறைபனி வெள்ளை பூத்திருந்தது. பூசைக்குக் கூட்டம் வாசல்வரை. பெஞ்சுகளில் போர்வையும் குல்லாவுமாக எல்லா வயது அம்புரோஸ்களும் உட்கார்ந்திருந்தார்கள். பேச்சி முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டாள். பட்டுக்கரை போட்ட சேலை, அதன்மேல் மகனுடைய கோட்டு. கோயிலுக்குள் வராமல் மண்டப வாசலிலேயே, மடியில் ஒரு சாமந்திப் பொட்டலத்தோடு காத்திருந்தாள். பியாட்ரிஸைக் கண்டதும் முகமெல்லாம் பல்லாகி, பக்கத்தில் இழுத்து நிறுத்திக்கொண்டாள். அந்தக் கை சூடாக இருந்தது. பூசை நேரம் முழுக்க பியாட்ரிஸ் ஒரு ஜெபமும் சொல்லவில்லை.

பூசை முடிந்து எல்லாரும் மண்டபத்துக்கு வந்ததும் சாமியார் தண்ணீர் மந்திரித்துத் தெளித்தார். பேச்சி நூலைப் பிடித்து இழுத்தாள். நீலத் துணி சரிந்து விழுந்தது. கைதட்டல். ஆயரின் வண்ணப்படத்துக்கு அடுத்து, கறுப்பு வெள்ளையும் மங்கலுமாக வரிசையாக முகங்கள். ஒவ்வொன்றின் கீழும் ஒரே பேர். பேச்சிக்குப் படிக்கத் தெரியாது. அவள் வரிசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒருமுறை பார்த்தாள். பனியிலிருந்து வந்ததில் மூக்குக்கண்ணாடி மங்கியிருக்க வேண்டும், கண்ணைச் சுருக்கினாள். பிறகு பியாட்ரிஸின் பக்கம் திரும்பி, மண்டபம் முழுக்கக் கேட்கும்படி, "இதுல எது அம்மிணி உங்கப்பன்?" என்றாள்.

கைதட்டல் ஓய்ந்திருந்தது. ஆஷ்லி தூணோரமாக நின்றான். அவன் கையில் போன் இல்லை. அவன் பார்த்தது பேச்சியை அல்ல, பியாட்ரிஸை. கவாத்துக்காரரின் படம் அவள் கைக்கு எட்டும் தூரத்தில், வரிசையின் தொடக்கத்திலேயே இருந்தது. சட்டைப்பைக்குப் பக்கத்தில் தேய்ந்த மெடல், மீசை, சிரிப்பு. கையை அந்தப் பக்கம் நீட்டினால் போதும். பேச்சி பூவைப் போட்டுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்த பஸ்ஸுக்குப் போய்விடுவாள். ஆஷ்லியும் வாய் திறக்க மாட்டான் என்று அந்த நொடியில் அவளுக்கு எப்படியோ உறுதியாகத் தெரிந்தது. அதற்காகத்தான் அவன் இத்தனை நாள் பேசாமல் இருந்தானோ என்றுகூடத் தோன்றியது. ஆனால் அப்படிக் கைகாட்டிவிட்டால், வரிசையின் கடைசிப் படத்தில் ஒல்லியாக, காலர் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு நிற்கிற ஆளுக்கு இந்த ஊரில் மகள் என்று ஒருத்தி இல்லாமல் போய்விடுவாள்.

பியாட்ரிஸ் பேச்சியின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு நடந்தாள். கடைசிப் படத்தின் முன்னால் நின்றாள்.

"இதுதானுங்க்கா எங்கப்பா" என்றாள். "ஸ்டோர் அம்புரோஸ்."

பின்னால் யாரோ ஒரு கிழவி "சேசுவே" என்று நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். சாமியார் மந்திரித்த தண்ணீர்ச் செம்பைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். பேச்சியின் கை பியாட்ரிஸின் பிடியிலிருந்து மெல்லக் கழன்றது. அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, கோட்டுக்கு உள்ளே கையைவிட்டுச் சேலைத் தலைப்பை எடுத்து, அவசரமில்லாமல் இரண்டு பக்கமும் துடைத்துப் போட்டுக்கொண்டாள். சாமந்திப் பொட்டலத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு, குதிகாலை உயர்த்தி, மூக்கு இடிக்கிற அளவுக்குப் படத்தின் கிட்டே போனாள். அவள் மூச்சு பட்டுக் குளிர்ந்த கண்ணாடியில் ஆவி படர்ந்தது. அப்பாவின் முகம் அதற்குள் மறைந்துபோனது. பேச்சி மூச்சை அடக்கிக்கொண்டு அங்கேயே நின்றாள். ஓரங்களிலிருந்து ஆவி கொஞ்சம் கொஞ்சமாக வடிய, முதலில் காலர் பொத்தான் தெரிந்தது, பிறகு தாடை, பிறகு வாய்.